மாற்றுத்திறனாளி உறவினருக்குச் சரியான மருத்துவம் தேடுவது எப்படி: பட்டுத் தெரிந்துகொண்ட படிகள்

என் தம்பிக்கு மூளை முடக்குவாதம். பேச்சு கிடையாது, வலிப்பு உண்டு, நடமாட்டம் சக்கர நாற்காலியில்தான். அவனுக்கு 24 வயதானபோது ஒருநாள் இரவு படுக்க மறுத்தான். படுக்க வைத்தால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துவான். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தால் கொஞ்சம் அடங்குவான். வலது கையை முஷ்டியாக்கி வாய்க்குள் திணித்துக்கொள்வான். பல் பட்டுப் பட்டு விரல் மூட்டுகளில் தோல் காய்த்துப்போனது.

மூன்று மாதத்தில் நான்கு மருத்துவர்களைப் பார்த்தோம். மூன்று பேர், "இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்" என்கிற பொருளில் ஏதோ சொல்லி அனுப்பினார்கள். நான்காமவர் தூக்க மாத்திரை எழுதினார். ஐந்தாவதாகப் பார்த்தவர்தான், "சாப்பிட்ட பிறகு அதிகமாகிறதா, வெறும் வயிற்றில் அதிகமாகிறதா?" என்று கேட்டார். எண்டோஸ்கோபியில் விஷயம் தெரிந்தது. இரைப்பை அமிலம் மேலே ஏறி ஏறி உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது. படுத்தால் எரிகிறது, அதனால் படுக்கவில்லை. மருந்து தொடங்கிய மூன்றாம் வாரம் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டான்.

தப்பு மருத்துவர்கள் மேல் மட்டும் இல்லை. எப்போது தொடங்கியது, அவன் எடை என்ன, கடைசியாக எந்த மாத்திரை மாறியது என்று கேட்டபோது எங்களிடம் உருப்படியான பதில் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் பழகிக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதுகிறேன். பேச முடியாதவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர், நடமாட முடியாதவர் ஆகியோரைப் பார்த்துக்கொள்பவர்களை மனதில் வைத்து எழுதியது. இது மருத்துவ ஆலோசனை அல்ல. மருத்துவரிடம் போய்ச் சேருவதற்கும், போன பயணம் வீணாகாமல் இருப்பதற்குமான வேலை.

1. முதலில் அவருடைய ‘வழக்கம்’ என்ன என்று எழுதுங்கள்

மருத்துவர் உங்கள் வீட்டு மனிதரைப் பத்து நிமிடம் பார்க்கப் போகிறார். எது அவருடைய இயல்பு, எது புதிது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அது தெரிந்த ஒரே ஆள் நீங்கள். ஆனால் பதற்றத்தில் உங்களுக்கும் மறந்துபோகும். அதனால் உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

எழுத வேண்டியவை: எத்தனை மணி நேரம் தூங்குவார், எந்தப் பக்கம் படுப்பார். ஒரு வேளை சாப்பாடு முடிய எத்தனை நிமிடம், எந்தப் பதத்தில் கொடுக்கிறீர்கள். மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை. வலிப்பு வந்தால் எந்தக் கை முதலில் இழுக்கும், எத்தனை நிமிடத்தில் நிற்கும். ‘ஆமாம்’, ‘வேண்டாம்’ இரண்டையும் எப்படிச் சொல்வார். வலித்தால் என்ன செய்வார். என் தம்பி வலித்தால் அழ மாட்டான், அமைதியாகிவிடுவான். இது தெரியாதவருக்கு அவன் அன்றைக்குச் ‘சமர்த்தாக’ இருப்பதாகத் தோன்றும்.

எண்களையும் எழுதுங்கள். சாதாரண நாளில் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல் வெப்பம், ஆக்சிஜன் அளவு. இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: தண்டுவடம் மார்புப் பகுதியின் ஆறாம் முதுகெலும்பு அளவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் வழக்கமாகவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். அவர்களுக்கு 140 என்பது பெரிய ஏற்றம். கதீட்டர் (சிறுநீர் வடிகுழாய்) அடைத்துக்கொண்டாலோ, சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்தாலோ இப்படித் திடீரென ஏறி, தலைவலியும் வியர்வையுமாகி, கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் ‘வழக்கம் 100’ என்ற குறிப்பு இல்லாத இடத்தில் 140 யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது.

எடையைத் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள். மருந்தின் அளவு பல நேரம் எடையைப் பொறுத்தது. நிற்க முடியாதவரை எடை பார்க்க எளிய வழி, சரிவுப் பலகை உள்ள பெரிய எடை மேடையில் நாற்காலியோடு ஏற்றிப் பார்த்து, வெறும் நாற்காலியின் எடையைக் கழிப்பது. மெலிந்தவராக இருந்தால் நீங்கள் தூக்கிக்கொண்டு நின்று, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். நாற்காலியின் எடையை ஒருமுறை பார்த்து அதன் அடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று, செல்போனில் அரை நிமிட வீடியோ. நன்றாக இருக்கும் நாளில் அவர் சாப்பிடுவது, சிரிப்பது, உங்கள் குரலுக்குத் திரும்புவது. ஒருமுறை அவசரப் பிரிவில் தம்பி துவண்டுபோய்க் கிடந்தான். பணியில் இருந்த இளம் மருத்துவர் அவன் எப்போதுமே இப்படி என்றுதான் எடுத்துக்கொண்டார். வீடியோவைக் காட்டினேன். "இது இவர்தானா?" என்று கேட்டவர், அடுத்த நிமிடமே ரத்தப் பரிசோதனைக்குச் சொன்னார்.

2. மாற்றத்தைக் ‘குணம்’ என்று விட்டுவிடாதீர்கள்

திடீரென அடிப்பது, தலையை மோதிக்கொள்வது, சாப்பிட மறுப்பது, தூக்கம் கெடுவது. பேச முடியாதவரிடம் இப்படி ஒன்று புதிதாக வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அதை வலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தேடுவது? பல், காது, மலச்சிக்கல், அமிலம் ஏறுவது, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் வலி, புதிதாகச் சேர்த்த மருந்து. எலும்பு முறிவையும் மறக்க வேண்டாம். நடமாட்டம் இல்லாதவருக்கு எலும்பு மெலிந்திருக்கும். வலிப்பு மருந்துகள் சிலவும் எலும்பைப் பலவீனப்படுத்தும். நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு மாற்றும்போதே முறியலாம், விழ வேண்டும் என்பதில்லை.

வலியை அளக்க, முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறாரா என்று ஐந்து விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் ஒரு முறை மருத்துவமனைகளில் இருக்கிறது. மொத்தம் 10. பேச முடியாதவர்களுக்காக அதில் திருத்திய வடிவமும் உண்டு. இவர் வலிக்கும்போது இன்னது செய்வார் என்று குடும்பத்தார் சொல்வதை அதில் சேர்த்துக்கொள்வார்கள். ஃப்ளாக் (FLACC) அளவுகோல் என்று கேட்டால் செவிலியருக்குத் தெரியும். "ரொம்ப வலிக்கிறது போல" என்று சொல்வதைவிட, "நேற்று 3, இன்று காலை 7" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு வாரம் குறிப்பு எழுதினால் போதும்: நேரம், என்ன செய்தார், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன நடந்தது. எங்கள் வீட்டில் அந்த மூன்று மாதமும் அம்மா இப்படி எழுதியிருந்தால், சாப்பாட்டுக்கும் கத்தலுக்கும் இடையில் இருந்த அந்த அரை மணி நேரம் முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டிருக்கும்.

3. ஒரு தாள், ஒரு ஃபைல்

எல்லாவற்றையும் ஒரே தடிமனான ஃபைலில் போட்டுக்கொண்டு போவது நாங்கள் பல வருடம் செய்த தப்பு. யாரும் புரட்ட மாட்டார்கள். இரண்டாகப் பிரியுங்கள்.

முதலாவது, ஒரே ஒரு தாள். மூன்று நிறப் பட்டை போட்டுக்கொள்ளலாம். சிவப்புப் பட்டையில் தெரியாவிட்டால் உயிருக்கு ஆபத்தானவை: ஒவ்வாமை, வலிப்பு, விழுங்குவதில் சிக்கல், உடம்புக்குள் இருக்கும் கருவிகள், இப்போதைய மருந்துகளும் மில்லிகிராம் அளவும் நேரமும். மஞ்சளில் எப்படித் தொடர்புகொள்வது, எப்படித் தூக்குவது, எப்படி மருந்து விழுங்குவார். பச்சையில் பிடித்தவை, பிடிக்காதவை. பச்சையை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். ‘பின்னாலிருந்து தொட்டால் பயப்படுவான்’ என்ற ஒரு வரி ஊசி போட வருபவரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

சிவப்புப் பட்டையில் குறைபாட்டுக்கே உரிய எச்சரிக்கைகளும் வர வேண்டும். பிறவித் தண்டுவடப் பிளவு உள்ளவர்களுக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை அதிகம், கையுறையில் இருந்தே தொடங்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கலாம், மயக்கம் கொடுக்கும்போது கழுத்தை வளைப்பதில் கவனம் வேண்டும். மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய் (ஷண்ட்) வைத்தவர்களில் சிலருக்கு அதன் வால்வு வெளியிலிருந்து காந்தத்தால் மாற்றியமைக்கும் வகையாக இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த அமைப்பு மாறிவிடக்கூடும், எடுத்த பிறகு சரிபார்க்க வேண்டும். கருவியின் அடையாள அட்டையை நகல் எடுத்துத் தாளின் பின்னால் ஒட்டுங்கள்.

இரண்டாவது, ஃபைல். டிஸ்சார்ஜ் சம்மரிகள், குறைபாட்டுச் சான்றிதழ், காப்பீட்டு ஆவணம், தடுப்பூசிப் பதிவு, ஸ்கேன் அறிக்கைகள் எல்லாம் தேதி வரிசையில், புதியது மேலே. ஸ்கேன் எடுத்தால் அறிக்கையோடு விடாதீர்கள், படங்களையும் கேட்டு வாங்குங்கள். வேறு இடத்துக்குப் போனால் படத்தைத்தான் கேட்பார்கள். வாங்கி வைக்காததால் தம்பிக்கு ஒரே ஸ்கேனை இரண்டு தடவை, இரண்டு முறையும் மயக்கம் கொடுத்து எடுத்தோம். அசல்களை வீட்டில் வைத்துவிட்டு நகலோடு போங்கள். குறைபாட்டுச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி இருந்தால் நாட்காட்டியில் அதற்கு நான்கு மாதம் முன்னால் குறித்துக்கொள்ளுங்கள். மறுமதிப்பீட்டுக்கு இடம் கிடைக்க நாளாகும். கடைசி வாரத்தில் ஓடினால் சலுகைகள் நடுவில் நின்றுபோகும்.

4. யாரைத் தேடுவது

பெரிய நிபுணரைத் தேடித்தான் எல்லோரும் முதலில் ஓடுகிறோம். என் அனுபவத்தில், முதலில் தேட வேண்டியது எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரு பொது மருத்துவர் அல்லது குடும்ப மருத்துவர். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், நோயாளியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் பார்த்த முதல் நான்கு பேரில் ஒருவர்கூட வயிற்றில் கை வைக்கவில்லை.

நரம்பியல், எலும்பு, பல், கண், விழுங்கும் பயிற்சி தருபவர், உடலியக்கப் பயிற்சியாளர் எல்லாம் தேவைப்படும். ஆனால் ஒருவர் எழுதும் மருந்து இன்னொருவர் மருந்தோடு மோதும்போது அதைக் கவனிக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தில் யாரும் இல்லை என்றால் அந்த வேலை உங்கள் தலையில் விழும், அதற்கு நாம் படிக்கவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? சிறப்புப் பள்ளிகள், பகல்நேரப் பராமரிப்பு மையங்கள், உடலியக்கப் பயிற்சிக் கூடங்கள் ஆகியவற்றில் காத்திருக்கும் பெற்றோரிடம் கேளுங்கள். "நல்ல டாக்டர் யார்?" என்று கேட்டால் பெயர் வரும், அவ்வளவுதான். "உங்கள் பிள்ளைக்கு எப்படி ரத்தம் எடுத்தார்கள்?" என்று கேளுங்கள். கதையே வரும். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனைகளில் பல துறைகளும் ஒரே வளாகத்தில் இருப்பது வசதி, கூட்டமும் காத்திருப்பும் அதற்கான விலை.

குழந்தை மருத்துவரிடமே இதுவரை போய்க்கொண்டிருந்தால் ஓர் எச்சரிக்கை. சுமார் 18 வயதில் அவர் கை விரித்துவிடுவார், பெரியவர்களுக்கான மருத்துவரிடம் போகச் சொல்வார். இந்த மாற்றத்துக்கான பேச்சை 12 முதல் 14 வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது பரவலாக உள்ள பரிந்துரை. பழைய மருத்துவரிடம் புதியவருக்கு ஒரு விரிவான கடிதம் கேளுங்கள். இருவரையும் ஒரு வருடமாவது சேர்த்துப் பார்க்க முடிந்தால் நல்லது.

5. நேரம் வாங்கும் முன் தொலைபேசியில் கேளுங்கள்

கேட்காமல் போய், வாசல்படியில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறோம். இப்போது இந்தக் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறேன்:

- சக்கர நாற்காலி உள்ளே வர எங்காவது படி உண்டா? ("ஒரே ஒரு படிதான்" என்பார்கள். அந்த ஒன்றுதான் சிக்கல்.)
- பரிசோதனை அறைக் கதவு எவ்வளவு அகலம்? குறைந்தது 80 சென்டிமீட்டர் திறப்பு வேண்டும். முன்கதவு அகலமாக இருந்து உள்கதவு குறுகலாக இருப்பது சகஜம்.
- பரிசோதனை மேசையைக் கீழே இறக்க முடியுமா? தூக்கி வைக்க ஆள் உண்டா?
- கழிப்பறைக்குள் நாற்காலி நுழையுமா?
- பேச முடியாத நோயாளி என்பதால் இரட்டை நேரம் ஒதுக்க முடியுமா? கட்டணமும் இரட்டிப்பாகுமா?
- கூட்டம் இருந்தால் வண்டியிலேயே காத்திருக்கிறோம், முறை வரும்போது போன் செய்வீர்களா?

கடைசிக் கேள்விக்கு யாரும் மறுத்ததாக எனக்கு நினைவில்லை. சத்தமும் கூட்டமும் தாங்காதவருக்கு இது ஒன்றே பெரிய உதவி.

பதில் சொல்பவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளின் முதல் நேரத்தைக் கேளுங்கள். பத்து மணிக்கு நேரம் என்றால் பதினொன்றரை ஆகும், காலையின் முதல் ஆளுக்கு மட்டும்தான் தாமதம் சேர்ந்திருக்காது. ஆனால் காலை மருந்தால் அவர் அந்த நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் இருப்பார் என்றால் இது பொருந்தாது. அவருடைய நல்ல நேரம் எது என்பதுதான் கணக்கு.

6. செலவை எப்படிக் கணக்கிடுவது

ஒரு வருடம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். மருத்துவர் கட்டணம்தான் மிகச் சிறிய வரி. வண்டி வாடகை அதற்கு மேலே, துணைக்கு வந்தவர் இழந்த சம்பளம் அதற்கும் மேலே, டயப்பர், கதீட்டர், கையுறை, விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பானத்தைக் கெட்டியாக்கும் பொடி எல்லாவற்றுக்கும் மேலே. ஆகவே கட்டணம் குறைவு என்று தொலைவில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் மொத்தத்தில் நட்டம்தான்.

எந்தச் சிகிச்சைக்கு முன்பும் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அதில் மயக்க மருத்துவரின் கட்டணம், மீட்பு அறை, உடன் தங்குபவருக்கான கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு மயக்கம் இல்லாமல் நடக்கும் பல் வேலையும் ஸ்கேனும் நம் ஆட்களுக்கு மயக்கத்தோடு நடக்கும். கூடுதல் செலவு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

காப்பீட்டில் இரண்டு பொறிகள். ஒன்று, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம். இன்னொன்று, குறைபாட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நோயையும் அதன் விளைவு என்று சொல்லி மறுப்பது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பிறகு சிகிச்சை தந்த மருத்துவரிடம், ‘இந்த நோய்க்கும் குறைபாட்டுக்கும் தொடர்பில்லை’ என்று ஒரு வரி எழுதி வாங்கி மேல்முறையீடு செய்யலாம். தம்பியின் குடல்வால் அறுவைக்கு இப்படித்தான் பணம் வந்தது, ஐந்து மாதம் கழித்து. விண்ணப்பத்தில் குறைபாட்டை மறைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் மொத்தமும் போகும்.

7. அறைக்குள்

மருத்துவர் உங்களைப் பார்த்தே பேசுவார். நீங்கள் நோயாளியின் பக்கம் திரும்பி, "டாக்டர் உன் வயிற்றைப் பார்க்கப் போகிறார்" என்று அவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் அதைப் பார்த்துவிட்டு அவர்களாகவே அவரிடம் பேசத் தொடங்குவார்கள். படப்பலகையோ கண்ணசைவோ, எதில் பேசுவாரோ அதை எடுத்து மேசைமேல் வையுங்கள். பையில் இருந்தால் பயனில்லை.

முதல் வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். தம்பியின் வரலாற்றைப் பிறப்பிலிருந்து தொடங்குவது அம்மாவின் வழக்கம். பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். "மூன்று வாரமாகப் படுக்க மறுக்கிறான், முன்பு இப்படி இல்லை, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அதிகமாகிறது." இவ்வளவுதான். மீதி தாளில் இருக்கிறது.

"இந்த நிலையில் இதெல்லாம் சகஜம்" என்ற பதில் வந்தால் சண்டை வேண்டாம். ஒரு கேள்வி கேளுங்கள்: "குறைபாடு இல்லாத ஒருவர் இதே தொந்தரவோடு வந்தால் என்ன பரிசோதனை செய்வீர்கள்?" பதில் என்னவோ அதை நம்மவருக்கும் கேட்பது கெஞ்சல் இல்லை. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு, மற்றவர்களுக்குத் தரும் அதே தரமான மருத்துவத்தை இவர்களுக்கும் தரச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, மாற்றுத்திறனாளிகளில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது. அந்த அறிக்கை காட்டும் காரணங்களில் மருத்துவம் கிடைப்பதில் உள்ள பாரபட்சமும் ஒன்று. இதை எல்லாம் அறைக்குள் சொற்பொழிவாக ஆற்றத் தேவையில்லை. உங்கள் முதுகு நிமிர்ந்திருக்கத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

மனநல மருந்தோ தூக்க மருந்தோ எழுதினால் நான்கு கேள்விகள்: எதற்காக, எவ்வளவு நாளைக்கு, எப்போது மறுபரிசீலனை, எந்தப் பக்க விளைவைப் பார்க்க வேண்டும். உடல் காரணங்களைத் தேடி முடித்துவிட்டோமா என்பதையும் கேளுங்கள். அந்த மருந்துகள் தேவைப்படுபவர்கள் உண்டு, தம்பியும் ஒரு காலத்தில் எடுத்தான். நிறுத்துவதையும் நீங்களாகச் செய்யக் கூடாது.

மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவராக இருந்தால் அதை அங்கேயே சொல்லிவிடுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். வலிப்பு மருந்துகளில் இந்த வகை நிறைய. சிரப்பாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ரத்தம் எடுக்க: மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பற்றி முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது வேலை செய்யச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும், ஆகவே வீட்டிலேயே தடவிக்கொண்டு போக வேண்டும். இரண்டு கையிலும் தடவுங்கள். ஒரு கையில் ரத்த நாளம் கிடைக்காவிட்டால் இன்னொன்று தயாராக இருக்கும்.

8. மயக்க மருந்து கொடுத்தால் அந்த நாளைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

யாரும் எனக்குச் சொல்லாமல், நானே தாமதமாகக் கண்டுபிடித்த விஷயம் இது. பல் பிடுங்க மயக்கம் கொடுக்கப் போகிறார்கள் என்றால், அந்த ஒரே மயக்கத்தில் ரத்தம் எடுப்பது, காது சுத்தம் செய்வது, கண் பார்ப்பது, தடுப்பூசி, நகம் வெட்டுவது எல்லாவற்றையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். வெவ்வேறு துறைகளை ஒரே நாளில் கூட்டுவது சுலபமில்லை. குறைந்தது ஆறு வாரம் முன்பே குடும்ப மருத்துவர் மூலம் கடிதம் போக வேண்டும். எங்களுக்கு மூன்றில் ஒருமுறைதான் கூடி வந்தது. அந்த ஒருமுறை, வருடக்கணக்காக எடுக்க முடியாமல் இருந்த தைராய்டு பரிசோதனையும் முடிந்தது.

காலையில் பட்டினி இருக்கச் சொல்வார்கள். வலிப்பு மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். அதை ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கச் சொல்வதே பெரும்பாலும் வழக்கம், ஆனால் மயக்க மருத்துவரிடம் முந்தின நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். உணவுக்குழாய், நுரையீரல், முதுகு வளைவு பற்றி அவரிடம் நேரில் சொல்லுங்கள். முன்பு மயக்கத்தில் ஏதாவது சிக்கல் வந்திருந்தால் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

உள்நோயாளியாகத் தங்க நேர்ந்தால் இரவு துணைக்கு ஓர் ஆள் இருக்க அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பகலில் ‘சரி’ சொன்னவர் இரவுப் பணியில் இருக்க மாட்டார்.

9. கையெழுத்து யாருடையது?

பிள்ளைக்கு 18 வயது ஆன மறுநாள், பல நாடுகளில் பெற்றோரின் கையெழுத்து தானாகச் செல்லுபடியாவது நின்றுவிடும். இது அறுவை அரங்கின் வாசலில்தான் பலருக்குத் தெரியவருகிறது. உங்கள் நாட்டுச் சட்டப்படி துணையோடு முடிவெடுக்கும் ஏற்பாடு உண்டா, பாதுகாவலர் நியமனம் வேண்டுமா என்று 17 வயதிலேயே விசாரியுங்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை. முழுப் பாதுகாவலர் ஏற்பாடு சில இடங்களில் அவருடைய மற்ற உரிமைகளையும் சேர்த்துப் பறித்துவிடும், ஆகவே மருத்துவத்துக்கு மட்டும் என்று குறுக்க முடியுமா என்று கேளுங்கள். காகிதம் யார் பெயரில் இருந்தாலும், அவருக்குப் புரிகிற அளவில் அவரிடம் சொல்லி, அவர் ஒப்புதலை அவர் மொழியில் கேட்பதை விட்டுவிட வேண்டாம்.

10. வீட்டுக்கு வந்த அன்றே

களைப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அன்று இரவே மூன்று வேலை. மருத்துவர் சொன்னதைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அடுத்த சந்திப்புக்கான நேரத்தை நாட்காட்டியில் ஏற்றுங்கள். மருந்து மாறியிருந்தால் அந்த ஒற்றைத் தாளைப் புதிதாக எழுதி, மேலே தேதி போட்டு, பழைய பிரதிகளை எல்லாம் தேடிக் கிழியுங்கள். பையில் ஒன்று, நாற்காலியின் பின்னால் ஒன்று, வண்டியில் ஒன்று, பகல்நேர மையத்தில் ஒன்று என்று எங்கெங்கே வைத்தீர்கள் என்ற பட்டியலும் வேண்டும். ஒருமுறை தம்பிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நிற்கவில்லை. அது காத்திருக்கக் கூடாத அவசரம், உடனே ஆம்புலன்ஸில் ஏற்றினோம். பதற்றத்தில் நான் எடுத்து நீட்டியது நாற்காலியின் பின்னால் இருந்த தாள். அதில் எட்டு மாதத்துக்கு முந்தைய மருந்தளவு இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "அது பழசு, இப்போ ராத்திரிக்கு ரெண்டு மாத்திரை" என்று கத்தியிருக்காவிட்டால் அந்தப் பழைய அளவை வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள்.